பெயரை மறைத்துக்கொண்ட மனிதர்

நம் சங்க மலரில் ஆண்டுதோறும் பெரியோர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுவது வழக்கம். நாட்டு விடுதலைக்கு உழைத்தவர்கள், விஞ்ஞானத்தில் புதுமை கண்டவர்கள், தமிழுக்குத் தொண்டு செய்தவர்கள் எனப் பலரை இப்பக்கங்களில் சந்தித்திருக்கிறோம். இம்முறை நான் ஒரு குடிகாரரைப் பற்றி எழுத முன்வந்திருக்கிறேன். நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டா. 17 ஆண்டுகள் குடித்துக் கெட்டு, பிறகு 36 ஆண்டுகள் ஒரு துளியும் தொடாமல் வாழ்ந்து, தம்மைப் போன்ற இலட்சக்கணக்கானவர்களுக்கு வழி காட்டிச் சென்றவர் அவர். அவர் பெயர் வில்லியம் கிரிஃபித் வில்சன். நெருங்கியவர்களுக்குப் பில். வாழ்ந்த காலத்தில் உலகம் அவரைப் பில் டபிள்யூ என்று மட்டுமே அறிந்திருந்தது. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

வீட்டை விட்டு ஆயிரம் கல் தொலைவு வந்து விடுதிகளில் வாழ்கிறவர்கள் நாம். இரவு எங்கே போயிருந்தாய் என்று கேட்க அம்மா இல்லை. முகத்தைப் பார்த்த உடனே கண்டுபிடிக்க அப்பா இல்லை. சனிக்கிழமை இரவுகளில் விடுதி மொட்டைமாடியில் என்ன நடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி அறிவுரை கூற நான் வரவில்லை. அறிவுரை கேட்டு ஒருவர் குடியை விட்டதாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. பில் வில்சனும் பட்டு அறிந்துகொண்ட உண்மை அது.

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஈஸ்ட் டார்செட் என்று ஒரு சிற்றூர். மலையும் பளிங்குக்கல் குவாரியும் உள்ள ஊர். 1895 நவம்பர் 26-ஆம் நாள், தந்தைவழிப் பாட்டியார் நடத்திய தங்கும் விடுதியில், மதுக்கூடத்தை ஒட்டிய ஓர் அறையில் பில் பிறந்தார். தந்தை குவாரித் தொழிலில் இருந்தவர், நன்றாகக் குடிப்பவர். பில்லுக்குப் பத்து வயது அளவில் தந்தை பிரிந்து போனார். தாயார் மருத்துவம் படிக்கப் பாஸ்டன் நகருக்குப் போனார். பில்லும் தங்கையும் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் வளர்ந்தனர்.

அந்தப் பாட்டனார் ஒருநாள் பேச்சுவாக்கில், ஆஸ்திரேலியப் பழங்குடியினரைத் தவிர வேறு எவராலும் பூமராங் செய்ய முடியாது என்றாராம். பூமராங் என்பது எறிந்தவர் கைக்கே திரும்பி வரும் வளைதடி. நம் மறவர் சீமை வளரிக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுவன் பில் அன்றே மரத்தைச் செதுக்கத் தொடங்கினான். மாதக்கணக்கில் செதுக்கினான். நல்ல பலகை கிடைக்காமல், தன் கட்டிலின் தலைமாட்டுப் பலகையையே அறுத்துவிட்டான். கடைசியில் ஒருநாள் அவன் எறிந்த தடி வட்டமிட்டுத் திரும்பி வந்தது. தான் முதல்வனாக வேண்டும் என்ற இந்த வெறி பின்னாளில் அவரை எத்தனை முறை ஏற்றிவிட்டது, எத்தனை முறை தள்ளிவிட்டது என்று எண்ணும்போது, அந்தக் கட்டில் பலகை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

பள்ளியில் படிக்கும்போது பெர்த்தா என்ற பெண்ணின்மீது அன்பு கொண்டார். 1912-இல் அறுவைச் சிகிச்சை ஒன்றைத் தொடர்ந்து அவள் இறந்துபோனாள். இளைஞர் பில் ஒடிந்துபோனார். படிப்பில் மனம் செல்லவில்லை. அன்று தொடங்கிய உள்ளச்சோர்வு என்னும் நோய், குடியை விட்ட பின்னும் அவரை விடவில்லை. அடுத்த ஆண்டு லோயிஸ் பர்ன்ஹாம் என்ற பெண்ணைச் சந்தித்தார். புரூக்ளினில் மருத்துவர் ஒருவரின் மகள். பில்லைவிட 4 வயது மூத்தவர். 1918 ஜனவரி 24-ஆம் நாள் இருவருக்கும் திருமணம் நடந்தது. இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருமணத்துக்கு முந்திய ஆண்டில்தான் அவர் வாழ்வின் முதல் கோப்பை வந்தது. அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கிய காலம். பீரங்கிப் படையில் இளம் அதிகாரியாக மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நியூ பெட்ஃபோர்ட் என்ற துறைமுக ஊரில் இருந்தார். அவ்வூர்ச் செல்வர்கள் அதிகாரிகளை விருந்துக்கு அழைப்பார்கள். பில் கூச்சம் மிகுந்தவர். நாலு பேர் நடுவில் நாக்கு எழாதவர். கையில் ஒருவர் கோப்பையைத் திணித்தார். குடித்தார். அந்தக் கணமே கூச்சம் எங்கோ ஓடி மறைந்தது. எல்லோரும் தமக்கு வேண்டியவர்களாகத் தோன்றினார்கள். மேடையில் பேசக் கூசுகிறவர்களும், புது ஊரில் மொழி தெரியாமல் ஒதுங்கி நிற்கிறவர்களும் நம்மில் இல்லையா? அவர்களுக்கு இந்த இடம் எளிதில் புரியும். கெட்டுப்போக வேண்டும் என்று எண்ணி எவரும் முதல் கோப்பையை எடுப்பதில்லை.

போருக்காகக் கடல் கடந்து போனபோது இங்கிலாந்தில் வின்செஸ்டர் பேராலயத்தைப் பார்க்கச் சென்றார். அதன் முற்றத்தில் 1764-இல் இறந்த சிப்பாய் ஒருவனின் கல்லறை இருக்கிறது. வெயிலில் களைத்து வந்து குளிர்ந்த பீரைக் குடித்ததால் காய்ச்சல் கண்டு இறந்தான் என்று அதில் வேடிக்கையாக எழுதியிருக்கும். பில் அதைப் படித்தார். அப்போது அதில் அவருக்கு எச்சரிக்கை எதுவும் தெரியவில்லை. பிற்காலத்தில் தம் கதையை எழுதப் புகுந்தபோது அந்தக் கல்லறையை மறவாமல் குறிப்பிட்டார்.

போர் முடிந்து நியூயார்க் திரும்பினார். பகலில் வேலை, இரவில் சட்டக் கல்லூரி. இறுதித் தேர்வு ஒன்றில் எழுதவும் சிந்திக்கவும் முடியாத அளவுக்குக் குடித்திருந்தார். வழக்கறிஞர் ஆகவில்லை. ஆனால் மூளை கூரியது. பங்குச்சந்தையில் பணம் போடுகிறவர்கள் கம்பெனிகளை நேரில் சென்று ஆராயாமலே போடுகிறார்கள் என்பதைக் கண்டார். 1925-இல் கணவனும் மனைவியும் வேலையை உதறிவிட்டு, பக்கத்தொட்டி வைத்த மோட்டார் சைக்கிளில் கூடாரமும் கணக்குப் புத்தகங்களும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ஆலை ஆலையாகச் சென்று பார்த்து அறிக்கை எழுதினார் பில். பணம் கொட்டியது. லோயிஸ் இப்பயணத்துக்கு இசைந்ததற்கு வேறு காரணம் உண்டு. நகரத்துக் குடிக்கூட்டாளிகளிடமிருந்து கணவரைப் பிரித்துவிடலாம் என்று அந்த அம்மையார் நம்பினார்.

இங்கே ஒரு செய்தியை நினைவூட்ட விரும்புகிறேன். 1920 ஜனவரி முதல் 1933 டிசம்பர் வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருந்தது. பில் வில்சன் குடித்துச் சீரழிந்தது ஏறத்தாழ முழுவதும் அந்த ஆண்டுகளில்தான்! கடைகள் மூடியிருந்தன; கள்ளச் சாராயமும் வீட்டில் காய்ச்சிய ஜின்னும் தாராளமாக ஓடின. மதுவிலக்கைப் பற்றி நம் சங்கத்தில் எத்தனையோ பட்டிமன்றங்கள் நடந்திருக்கின்றன. கடை மூடினால் புதிதாகக் குடிக்கப் பழகுவோர் குறையலாம் என்றே நானும் எண்ணுகிறேன். ஆனால் ஏற்கெனவே சிக்கிக்கொண்டவனைச் சட்டம் மீட்காது என்பதற்கு இவர் வாழ்க்கை சாட்சி.

1929 அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது. பில்லின் செல்வமும் சரிந்தது. கடனாளியாகி, புரூக்ளின் கிளின்டன் தெருவில் மாமனார் வீட்டில் ஒண்டிக்கொண்டார். லோயிஸ் ஒரு பெரிய கடையில் விற்பனையாளராக வேலைக்குப் போனார். வீட்டில் இருந்த கணவர், மனைவியின் கைப்பையிலிருந்து காசு திருடிக் குடித்தார். குழந்தைப்பேறும் வாய்க்கவில்லை. குடும்ப விவிலிய நூலின் தாளில், இனிக் குடிக்கமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். ஒருமுறையன்று, பலமுறை. ஒவ்வொரு முறையும் உண்மையாகவே எண்ணித்தான் எழுதினார் என்று நம்புகிறேன்.

1933-இலும் 1934-இலுமாக நான்கு முறை நியூயார்க்கில் டவுன்ஸ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். செலவை ஏற்றவர் தங்கையின் கணவர். அங்கே வில்லியம் சில்க்வர்த் என்ற டாக்டர் இருந்தார். ஆயிரக்கணக்கான குடிகாரர்களைப் பார்த்தவர், மென்மையானவர். குடிகாரனை ஒழுக்கம் கெட்டவன் என்று உலகம் திட்டிய காலத்தில், இது ஒரு நோய் என்று அவர் துணிந்து சொன்னார். சிலருக்கு மது உடலுக்கு ஒவ்வாதது. ஒரு கோப்பை உள்ளே சென்றால் நிறுத்த முடியாத வேட்கை எழும். அதே சமயம் அவர்கள் மனம் அந்த முதல் கோப்பையை விடாமல் நாடும். உடலும் மனமும் இவ்வாறு சேர்ந்து பகைத்தால் மனிதன் என்ன செய்வான்? தம் நிலை பில்லுக்குத் தெளிவாகப் புரிந்தது. புரிந்த பின்னும் குடித்தார். நோயின் பெயரை அறிந்துகொள்வது வேறு, அது தீர்வது வேறு.

1934 நவம்பரில் எபி தாச்சர் என்ற பழைய நண்பர் வீட்டுக்கு வந்தார். எபியும் பெருங்குடிகாரர். சமையலறை மேசைமேல் அன்னாசிச் சாற்றில் ஜின் கலந்து வைத்திருந்த பில், ஒரு கோப்பையை நண்பர் பக்கம் தள்ளினார். எபி வேண்டாம் என்றார்! ஆக்ஸ்ஃபோர்டுக் குழு என்னும் கிறித்தவ இயக்கத்தில் சேர்ந்து, தம் குறைகளை மனம் விட்டுச் சொல்லி, தீங்கிழைத்தவர்களிடம் ஈடு செய்து, குடியை விட்டிருந்தார். பில்லுக்கு மதம் என்றால் கசப்பு. ஆனால் எதிரில் இருப்பவன் பாதிரியார் அல்லன். தன்னைப்போல் தெருவில் விழுந்து கிடந்தவன். அவன் சொல்லைத் தட்ட முடியவில்லை.

டிசம்பர் 11-ஆம் நாள் கடைசி முறையாக மருத்துவமனை சென்றார். அதன்பின் குடிக்கவே இல்லை. அங்கே, நம்பிக்கை முற்றும் அற்றுப்போன ஒரு வேளையில், அறை முழுவதும் வெள்ளொளி நிறைந்ததாக உணர்ந்தார். பித்துப் பிடித்துவிட்டதோ என்று டாக்டரைக் கேட்டார். சில்க்வர்த் அதை விடாமல் பற்றிக்கொள்ளும்படி சொன்னார். அப்போது கொடுக்கப்பட்ட கடுமருந்துகளின் மயக்கமே அது என்று கூறுவாரும் உளர். ஒளி எங்கிருந்து வந்தது என்ற விவாதம் எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. அதற்குப் பின் 5 மாதங்களில் நடந்தவைதாம் முக்கியமானவை.

பில் நியூயார்க் முழுவதும் குடிகாரர்களைத் தேடி ஓடினார். தாம் கண்ட ஒளியைப் பற்றிப் பேசினார், வற்புறுத்தினார், வீட்டுக்கு அழைத்து வந்து சோறு போட்டார். ஒருவராவது திருந்த வேண்டுமே! ஒருவரும் இல்லை. மனம் சோர்ந்தபோது, நீங்கள் ஒருவர் குடிக்காமல் இருக்கிறீர்களே என்று லோயிஸ் எடுத்துக் காட்டினார். டாக்டர் சில்க்வர்த்தோ, போதனையை நிறுத்திவிட்டு முதலில் நோயைப் பற்றிச் சொல் என்றார்.

1935 மே மாதம் ஒரு கம்பெனியின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் முயற்சிக்காக ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகருக்குப் போனார். ரப்பர் டயர் செய்யும் ஊர் அது. முயற்சி தோற்றது. கூட வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். மே 11, சனிக்கிழமை மாலை. மேஃபிளவர் ஓட்டல் முன்கூடத்தில் தனியே உலவிக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் ஏறத்தாழ 10 டாலர். கூடத்தின் ஒரு பக்கம் மதுக்கூடம், சிரிப்பொலி கேட்கிறது. மறுபக்கம் தொலைபேசி, அருகே அவ்வூர்த் தேவாலயங்களின் பட்டியல்.

அவர் வாழ்வின் மையம் இதுதான். தனிமை, தோல்வி, சனிக்கிழமை மாலை. ஒரு கோப்பை மட்டும் என்று மனம் சொல்லத் தொடங்கியது. அச்சம் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் அவருக்கு ஒன்று விளங்கியது. அந்த 5 மாதங்களில் எவரையும் அவர் மீட்கவில்லை; ஆனால் மீட்க முயன்ற அந்த முயற்சியே அவரை மீட்டுவைத்திருந்தது. இப்போது வேண்டியது தமக்கு அறிவு சொல்லும் ஞானியல்லர். தம்மோடு பேச இன்னொரு குடிகாரர்!

தொலைபேசியை எடுத்தார். பட்டியலில் இருந்த வால்டர் டங்க்ஸ் என்ற பாதிரியாரை அழைத்து, தாம் ஒரு குடிகாரர் என்றும் இன்னொரு குடிகாரரிடம் பேச வேண்டும் என்றும் கேட்டார். பாதிரியார் திகைத்திருப்பார்! ஆயினும் சில பெயர்களைக் கொடுத்தார். ஒன்றன்பின் ஒன்றாக அழைத்து, கடைசியில் ஹென்ரியட்டா சீபர்லிங் என்ற அம்மையார் கிடைத்தார். குட்இயர் டயர் கம்பெனியை நிறுவிய குடும்பத்தின் மருமகள். டாக்டர் பாப் என்று அழைக்கப்பட்ட இராபர்ட் ஸ்மித் என்னும் அறுவைச் சிகிச்சை மருத்துவர் குடியால் அழிந்துகொண்டிருப்பதைக் கண்டு வருந்திக்கொண்டிருந்தவர் அவர். உடனே ஸ்மித் வீட்டுக்குச் செய்தி போயிற்று. ஆனால் டாக்டர் அன்று வரும் நிலையில் இல்லை. மறுநாள் அன்னையர் தினம் என்று மனைவிக்கு ஒரு பூந்தொட்டி வாங்கி வந்திருந்தார். தொட்டி மேசைமேல் இருந்தது. அவர் மேசைக்கடியில் கிடந்தார்.

மறுநாள் மாலை 5 மணிக்கு, சீபர்லிங் மாளிகையின் வாயில் வீட்டில் இருவரும் சந்தித்தனர். கை நடுங்கிக்கொண்டிருந்த டாக்டர் பாப், 15 நிமிடத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்று சொல்லி வந்தவர். 6 மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் பாப் குடியின் தீமையை அறியாதவரா? மருத்துவர். இரண்டரை ஆண்டுகளாக ஆக்ஸ்ஃபோர்டுக் குழுவுக்கும் போய்க்கொண்டிருந்தவர். வழிபாடு, நூல் எதுவும் குறைவில்லை. குடியும் குறையவில்லை. இம்முறை எதிரில் இருந்தவர் அவரைத் திருத்த வரவில்லை. தம் கதையைச் சொன்னார். தாம் பிழைத்திருக்க நீங்கள் எனக்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தவர் அவர். அப்படி ஒருவர் தம்மிடம் வந்து டாக்டர் பாப் பார்த்ததில்லை.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. ஜூன் தொடக்கத்தில் மருத்துவ மாநாட்டுக்குப் போன டாக்டர் பாப் மீண்டும் குடித்துவிட்டுத் தள்ளாடி வந்தார். அடுத்து ஓர் அறுவைச் சிகிச்சை காத்திருந்தது. கைநடுக்கம் அடங்குவதற்காகப் பில்லே அவருக்கு ஒரு புட்டி பீர் கொடுத்து அனுப்பினார். அதுவே அவருடைய கடைசிக் குடி. சிகிச்சையை முடித்துவிட்டு, அன்று முழுவதும் தாம் தீங்கு செய்தவர்கள் வீடுகளுக்கெல்லாம் சென்று மன்னிப்புக் கேட்டுவிட்டு இரவு வீடு திரும்பினார். 1935 ஜூன் 10 என்று குறிக்கப்படும் அந்த நாளையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பெயர் சொல்லாக் குடிநோயாளர் இயக்கம், தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. அம்மாதக் கடைசியில் இருவரும் ஆக்ரன் நகர மருத்துவமனையில், தாதிகளை அடித்ததற்காகக் கட்டிலில் கட்டிவைக்கப்பட்டிருந்த வழக்கறிஞர் ஒருவரைப் போய்ப் பார்த்தார்கள். அவர் மூன்றாமவர் ஆனார். ஜூலை 4-ஆம் நாள் வெளியே வந்தவர் பிறகு குடிக்கவில்லை.

நியூயார்க்கில் கிளின்டன் தெரு வீட்டில் செவ்வாய்க்கிழமைதோறும் கூட்டம் நடந்தது. வீடு முழுவதும் குடிகாரர்கள் தங்கினார்கள். அவர்களில் ஒருவர் வில்சன் தம்பதியரின் துணிமணிகளை விற்றுத் தீர்த்துவிட்டு, அந்த வீட்டிலேயே தற்கொலை செய்துகொண்டார். வெற்றிகள் மிகச் சில. 1937 அக்டோபரில் இராஜாஜி தலைமையில் இருந்த சென்னை மாகாண அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது நம் வரலாற்றில் படித்ததே. அந்த இலையுதிர் காலத்தில்தான் ஆக்ரனில் பில்லும் பாப்பும் உட்கார்ந்து, இதுவரை எத்தனை பேர் நிலைத்து நின்றிருக்கிறார்கள் என்று விரல்விட்டு எண்ணினார்கள். 40 பேர்! இருவர் கண்களும் கலங்கின.

வறுமை மட்டும் தீரவில்லை. டவுன்ஸ் மருத்துவமனை பில்லுக்குச் சம்பளத்தோடு வேலை தர முன்வந்தது. ஆசையோடு கூட்டத்தில் வந்து சொன்னார். இதைச் சம்பளத் தொழிலாக்கினால் கெட்டுவிடும் என்று, அவர் வீட்டுச் சோற்றை உண்டவர்களே எழுந்து மறுத்தார்கள். பில் பணிந்தார். கோடீசுவரர் ராக்ஃபெல்லரிடம் 50,000 டாலர் எதிர்பார்த்துப் போனார்கள். பெரும்பணம் இதைக் கெடுத்துவிடும் என்று அவர் 5,000 மட்டும் கொடுத்தார். 1939-இல் கிளின்டன் தெரு வீடும் கடனுக்குப் போயிற்று. 2 ஆண்டுகள் கணவனும் மனைவியும் நண்பர் வீடு நண்பர் வீடாக 50-க்கும் மேற்பட்ட இடங்களில் மாறி மாறித் தங்கினார்கள்.

அதே 1939-இல்தான் இயக்கத்தின் பெயரையே தலைப்பாகக் கொண்ட நூல் வெளிவந்தது. அதிலுள்ள 12 படிகளைப் பில் ஓர் இரவு படுக்கையில் சாய்ந்தபடி, மஞ்சள் தாளில் பென்சிலால் எழுதினார். கடவுள் என்ற சொல் அதில் மிகுதியாக வந்தது. குழுவில் இருந்த நாத்திகர்கள் விடவில்லை. சண்டை நடந்தது. கடைசியில், அவரவர் புரிந்துகொண்ட வகையில் கடவுள் என்று திருத்தினார்கள். நம் பகுத்தறிவு நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அத்திருத்தம் இல்லாதிருந்தால் இயக்கம் அமெரிக்கக் கிறித்தவர்களைத் தாண்டி வந்திருக்காது என்பது என் எண்ணம். 1941 மார்ச்சில் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் என்ற புகழ்பெற்ற வார இதழ் கட்டுரை வெளியிட்டது. 2,000 அளவில் இருந்த உறுப்பினர் தொகை அவ்வாண்டு இறுதிக்குள் 8,000 ஆயிற்று. 1950-களின் பிற்பகுதியில் டில்லியிலும் பம்பாயிலும் ஓரிருவராகத் தொடங்கி நம் நாட்டிலும் வேர்விட்டது.

அத்தகைய கூட்டம் எப்படி இருக்கும் என்பதை நான் கண்ணால் கண்டேன். என் சித்தப்பா இந்நகரில் நெடுங்காலமாக அரசு அலுவலில் இருப்பவர். அவர் குடியை நிறுத்தச் சித்தி செய்யாதது இல்லை. பழனிக்கு முடி காணிக்கை, கையில் மந்திரித்த கயிறு, குழந்தைகள் தலைமேல் சத்தியம் எல்லாம் ஆயிற்று. ஒரு டாக்டர் மருந்துச் சீட்டின் பின்புறம் தொலைபேசி எண் ஒன்றை எழுதிக் கொடுத்தார். சித்தப்பா அதை நான்கு மாதம் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். ஓர் இரவு அழைத்தார். மறுநாள் மாலை முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்கு வந்து, சித்தப்பாவைப் பற்றி ஒரு கேள்வியும் கேளாமல் தம் கதையைச் சொல்லிவிட்டுப் போனாராம்.

சில மாதங்கள் கழித்து, வெளியார் வரலாம் என்ற திறந்த கூட்டம் ஒன்றுக்கு என்னையும் கூட்டிப் போனார். பள்ளிக்கூடம் ஒன்றின் பின்கட்டு அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பெரிய கெட்டில் நிறையத் தேநீர். 20 ஆண்டுகளாகக் குடிக்காதவரும் 3 நாட்களாகக் குடிக்காதவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் பெயரை மட்டும் சொல்லி, தாம் குடிநோயாளி என்று சொல்லிவிட்டுப் பேசினார்கள். எவரும் எவருக்கும் மறுமொழி கூறவில்லை, கேட்டார்கள். உண்டியல் பை ஒன்று சுற்றி வந்தது. நான் பையில் கைவிட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே அதை என்னைத் தாண்டி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார். வெளியார் காசை அவர்கள் வாங்குவதில்லை. ராக்ஃபெல்லரின் எண்ணம் இத்தனை ஆண்டுக்குப் பின்னும் அந்தப் பின்கட்டு அறையில் காப்பாற்றப்படுவதைக் கண்டு வியந்தேன். என் சித்தப்பா இந்தியில் பேசத் தொடங்கி, பாதியில் தம்மை அறியாமல் தமிழுக்கு வந்துவிட்டார். புரியாதவர்களும் அசையாமல் கேட்டார்கள். அங்கே கேட்டவற்றை வெளியே சொல்வதில்லை என்பது அவர்கள் மரபு. ஆகையால் இங்கே எழுதமாட்டேன். இப்போது அவரும் மருத்துவமனைக்குப் போய்ப் புதியவர்களின் கட்டிலருகே உட்கார்ந்து தம் கதையைச் சொல்கிறார். இன்று குடிக்கவில்லை என்பார். நாளையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

கள்ளுண்ணாமைக்குத் திருக்குறளில் தனி அதிகாரமே உண்டு. உண்ணாதே என்று சொல்வதில் நம்மவர் குறை வைக்கவில்லை. உண்டு கெட்டவன் விட்டுவிட்ட மறுநாள் காலை எழுந்து என்ன செய்வது, யாரிடம் போவது என்பதை எண்ணிப் பார்த்தோமா? அதை எண்ணிப் பார்த்தவர் இந்த வில்சன்.

அவரை மகான் ஆக்கவும் நான் விரும்பவில்லை. 1944 முதல் 11 ஆண்டுகள் கடுமையான உள்ளச்சோர்வு அவரை வாட்டியது. சில நாட்களில் படுக்கையை விட்டு எழவும் முடியவில்லை. 1956 முதல் எல்.எஸ்.டி. என்ற மருந்தை மருத்துவர் மேற்பார்வையில் உட்கொண்டு பார்த்து, தோழர்களின் கண்டனத்துக்கு ஆளானார். மனைவிக்கு முழு உண்மையாய் நடக்கவில்லை என்றும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். சிகரெட்டை விட அவரால் முடியவில்லை. தம்மிடம் வந்து வழி காட்டிய எபி பின்னர் மீண்டும் மீண்டும் குடித்தார். ஆயினும் 1966-இல் எபி இறக்கும்வரை அவரையே தம் வழிகாட்டி என்று சொல்லி, பொருளுதவியும் செய்துவந்தார். இவர் செய்தவற்றுள் என் நெஞ்சைத் தொட்டது இதுவே.

லோயிஸ் அம்மையாரைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம். கணவர் குடியை விட்ட பின் ஒருநாள், கூட்டத்துக்குப் புறப்படலாம் என்று பில் அழைத்தபோது, காலணியைக் கழற்றி அவர்மேல் எறிந்தாராம். 17 ஆண்டுகள் தாம் அரும்பாடுபட்டும் முடியாததை யாரோ சிலர் ஒரே நாளில் செய்துவிட்டார்களே என்ற ஆற்றாமை! குடிகாரனோடு வாழ்ந்தவளுக்கும் நோய் உண்டு, கூட்டம் வேண்டும் என்பதை அதிலிருந்து உணர்ந்தார். 1951-இல் அவரும் தோழியர் ஒருவரும் சேர்ந்து அல்-அனான் என்ற குடும்பத்தார் குழுக்களை அமைத்தனர். என் சித்தி இப்போது அதற்குப் போகிறார்.

டாக்டர் பாப் 1950 நவம்பரில் மறைந்தார். 1955-இல் செயின்ட் லூயி நகர மாநாட்டில் பில் தலைமைப் பொறுப்பை உறுப்பினர்களிடமே ஒப்படைத்தார். யேல் பல்கலைக்கழகம் 1954-இல் கௌரவ டாக்டர் பட்டம் தர முன்வந்தது; வேண்டாம் என்று எழுதினார். டைம் இதழ் அட்டையில் படம் போடக் கேட்டது, முகம் தெரியாமல் முதுகுப்புறம் போடுகிறோம் என்றுகூடக் கேட்டதாம், மறுத்துவிட்டார். தலைவன் ஒருவன் புகழுக்கு ஆளானால், அவன் வழுக்கி விழும் நாளில் ஆயிரம் பேர் நம்பிக்கை இழப்பார்கள். அன்றியும், தன் பெயர் வெளியே போகுமோ என்று அஞ்சும் எளியவன் கதவைத் தட்டவே மாட்டான். பெயரை மறைத்ததன் காரணம் இதுதான். கட்டில் பலகையை அறுத்து முதல்வனாக வந்த சிறுவனுக்கு அது எளிதாக இருந்திருக்காது.

சிகரெட் அவர் நுரையீரலை அரித்துவிட்டது. 1970 டிசம்பரில், மரணப் படுக்கையில், விஸ்கி வேண்டும் என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் கொடுக்கவில்லை. கடைசி மூச்சுவரை அந்த நோய் அவர் உடம்பில் பதுங்கியிருந்தது என்பதைத் தாதியர் எழுதிவைத்த குறிப்புகள் காட்டுகின்றன. 36 ஆண்டு வெற்றி அதனால் சிறுத்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

1971 ஜனவரி 24-ஆம் நாள் மயாமியில் அவர் உயிர் பிரிந்தது. 53-ஆவது திருமண நாள். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் அவர் முழுப்பெயரையும் படத்தையும் வெளியிட்டது. பல உறுப்பினர்கள் அன்றுதான் அந்தப் பெயரை அறிந்தார்கள். பிறந்த ஈஸ்ட் டார்செட்டிலேயே அடக்கம் செய்தனர். சாதாரணக் கல். பெயரும், படையில் வகித்த பதவியும், தேதிகளும் உண்டு; இயக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குடியை விட்டு இத்தனை மாதம், இத்தனை ஆண்டு என்று கூட்டங்களில் கொடுக்கப்படும் சிறு வில்லைகளை, வருகிறவர்கள் அந்தக் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள்.